கொம்பு மானா? பெட்டை மானா?

முதன்முதலாக எல்க் வேட்டைக்குப் போகிறவர் எதைச் சுடுவது?

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலை நாடு. குளிர் நாடு. அங்கே அக்டோபர் மாதம் பிறந்தால் போதும், ஆயிரக்கணக்கான பேர் காட்டுக்குப் புறப்பட்டு விடுவார்கள். தோளில் துப்பாக்கி. உடம்பில் பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டை. எல்லோரும் தேடிப் போவது ஒரே பிராணியைத்தான். எல்க் மான்!

ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் பேர் இப்படிப் போகிறார்கள். ஐந்து பேர் போனால் ஒருவருக்குத்தான் மான் கிடைக்கிறது. மற்ற நால்வரும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

இவர்களில் முதல் தடவையாகப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பெரிய கேள்வி. ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான் சுடலாம். எந்த மானைச் சுடுவது?

கிளை கிளையாகக் கொம்பு விட்ட பெரிய ஆண் மானா? கொம்பே இல்லாத பெட்டை மானா? குச்சிபோல் கொம்பு முளைத்த இளங்காளையா? அல்லது கன்றா?

இது வேட்டைக்காரரின் சொந்த விஷயம் என்று தோன்றும். உண்மை அப்படி அல்ல. அவர் சுடும் ஒரு மானில், அடுத்த ஆண்டு மந்தையில் எத்தனை கன்று பிறக்கும் என்பது அடங்கி இருக்கிறது. விவசாயியின் வைக்கோல் போர் தப்புமா என்பது அடங்கி இருக்கிறது. ஓநாய்க்கு இரை கிடைக்குமா என்பதும் அடங்கி இருக்கிறது. அதனால்தான் அரசாங்கமே இதில் தலையிடுகிறது.

எல்க் என்பது எது?

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் எல்க் என்றால் அது அகன்ற கொம்பும் தொங்கும் மூக்கும் உள்ள மூஸ். அமெரிக்காவில் எல்க் என்றால் அது வேறு. செவ்விந்தியர் அதை 'வாப்பிட்டி' என்றார்கள். வெள்ளைப் பின்புறம் உடையது என்று பொருள்.

இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் இன்னும் ஒரு குழப்பம் செய்தார்கள். நுவரெலியா மலையில் திரிந்த மரையை அவர்கள் எல்க் என்றே அழைத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதே பிராணிக்குக் கடமான் என்று பெயர். மிளா என்றும் சொல்வார்கள். அமெரிக்க எல்க் இந்தக் கடமானுக்கு உறவு. ஆனால் உருவத்தில் அண்ணன்!

நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். பெட்டை 225 கிலோ இருக்கும். ஆணுக்கு மட்டுமே கொம்பு. அந்தக் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து, ஆண்டுதோறும் முளைக்கும். கோடைக்காலத்தில் ஒரே நாளில் ஓர் அங்குலம்கூட வளரும். பெரிய மானின் இரு கொம்பும் சேர்ந்தால் 18 கிலோ எடை வரும்.

பெட்டை எட்டரை மாதம் சுமந்து, மே கடைசியிலோ ஜூனிலோ ஈனும். ஒரு தடவைக்கு ஒரே கன்று. இரட்டைக் கன்று அபூர்வம்.

இந்த 'ஒரே கன்று' என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

பல்லுக்காகக் கொன்றார்கள்!

வெள்ளைக்காரர் குடியேறுமுன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

கறிக்குக் கொன்றார்கள். தோலுக்குக் கொன்றார்கள். பல்லுக்குக்கூடக் கொன்றார்கள்! எல்க்கின் வாயில் தந்தம்போல் இரண்டு பற்கள் உண்டு. அதைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிடுவது அந்தக் காலத்து நாகரிகம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, உடலைக் காட்டிலே அழுக விட்டுப் போனவர்கள் உண்டு.

கொலராடோவில் மிஞ்சியது 1,000-க்கும் குறைவு. அதன் பிறகுதான் கண் திறந்தது. 1900-ல் திருட்டு வேட்டைக் கறியை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தத் தடைச் சட்டம் வந்தது. 1912-ல் வயோமிங் மாநிலத்தில் எல்க்குக்கு என்றே ஒரு சரணாலயம் அமைந்தது. வயோமிங்கில் இருந்து மான்களைப் பிடித்துக் கொண்டுவந்து கொலராடோ காடுகளில் விட்டார்கள்.

1937-ல் இன்னொரு சட்டம். துப்பாக்கியும் தோட்டாவும் விற்றால் வரி. ரைபிளுக்கு நூற்றுக்கு 11. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போக வேண்டும்.

பலன் கிடைத்தது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் எல்க் இருக்கின்றன. அதில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவை கொலராடோவில் வாழ்கின்றன. வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை.

சீட்டிலேயே தீர்ப்பு

முதல் வேட்டைக்காரர் ஒன்றை மறந்து விடுகிறார். எந்த மானைச் சுடுவது என்பதை அவர் காட்டில் தீர்மானிக்க முடியாது. சீட்டு வாங்கும்போதே அது முடிந்து விடுகிறது.

சீட்டு மூன்று வகை. கொம்புள்ள மானுக்கு ஒன்று. கொம்பில்லாத மானுக்கு ஒன்று. சில இடங்களில் எதையும் சுடலாம் என்று ஒன்று. குலுக்கல் சீட்டுக்கு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மனுப் போட வேண்டும். பிறகு குலுக்கல். பேர் போன காடுகளுக்குப் பல ஆண்டு காத்திருக்கிறார்கள்.

வெளிமாநிலத்தார் ஆண் மான் சீட்டுக்கு 700 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். உள்ளூர்வாசிக்கு 100 டாலருக்கும் குறைவு. 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும்.

எந்தப் பகுதியில் எத்தனை பெட்டை மான் சீட்டு கொடுப்பது என்பதை இலாகா கணக்குப் பார்த்து முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு என்ன?

நூறு பெட்டை, இருபத்தைந்து ஆண்

ஒரு காட்டில் 100 பெட்டை மானும் 25 ஆண் மானும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பெட்டைகள் ஈனும் கன்றுகளில் 40 பிழைப்பதாகவும் வைத்துக் கொள்வோம்.

பத்து ஆண் மான்களைச் சுடுகிறார்கள். 15 ஆண்கள் மிஞ்சும். ஒரு வலுத்த ஆண் இருபது பெட்டைகள் கொண்ட மந்தையை ஆளக்கூடியது. ஆகவே 100 பெட்டைகளும் சினையாகும். அடுத்த ஆண்டும் அதே 40 கன்று.

இப்போது பத்துப் பெட்டைகளைச் சுடுகிறார்கள். 90 பெட்டைதான் மிஞ்சும். கன்று 36 ஆகிவிடும். அந்தக் கன்றுகளில் பாதி பெட்டை. வளர்ந்து தாயாக வேண்டியவை. அவையும் குறையும். ஆண்டுக்கு ஆண்டு மந்தை சுருங்கும்.

ஆக, மந்தை பெருக வேண்டுமானால் பெட்டையைத் தொடக் கூடாது. மந்தை அளவுக்கு மீறிப் போனால், அதைக் குறைக்க ஆண் மானைச் சுட்டுப் பயன் இல்லை. பெட்டையைத்தான் சுட வேண்டும்.

கொலராடோவிலேயே இது நடந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே எல்க் தொகை 3 லட்சத்தைத் தொட்டது. விவசாயிகள் கூக்குரலிட்டார்கள். குளிர்காலத்தில் பனி மூடியதும் மான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிவந்து வைக்கோல் போரைத் தின்றன. வேலியை முறித்தன. இலாகா பெட்டை மான் சீட்டுகளை அள்ளிக் கொடுத்தது. தொகை இறங்கியது. பிறகு தென் பகுதிக் காடுகளில் கன்றுகள் போதிய அளவு பிழைக்கவில்லை என்று தெரிந்தது. அங்கே பெட்டைச் சீட்டுகளைக் குறைத்தார்கள்.

பெரிய கொம்பின் ஆசை

முதல் வேட்டைக்காரரின் கனவில் வருவது பெட்டை அல்ல. பெரிய கொம்பு! செப்டம்பரில் இணை சேரும் காலத்தில் ஆண் எல்க் குரல் எழுப்பும். புல்லாங்குழலும் எக்காளமும் சேர்ந்தாற்போல் மலை முழுதும் ஒலிக்கும். அதைக் கேட்டவர் மறக்க மாட்டார்.

கொம்பு வீட்டுச் சுவருக்கு அலங்காரம். கறி? இணை சேரும் காலத்தில் கிழட்டு ஆண் சரியாக மேயாது. சண்டைபோட்டு இளைத்திருக்கும். கறி முரடாக இருக்கும். பெட்டை மானின் கறியும் இளமானின் கறியும் மிருதுவானவை என்று சமைத்தவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய ஆண்களை எல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஆரிகன் மாநிலத்தில் ஸ்டார்க்கி என்ற ஆராய்ச்சிக் காட்டில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வயது இளங்காளைகளே மந்தையில் இருந்தபோது, பெட்டைகள் ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாகச் சினையாயின. ஐந்து வயது ஆண்கள் இருந்தபோது முன்னதாகவே சினையாயின.

இரண்டு வாரத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். தாமதமாகப் பிறந்த கன்றுக்குப் பனிக்காலத்துக்கு முன் வளர நாள் போதாது. எடை இல்லாத கன்று பனியில் முதலில் சாகும்.

இதனால்தான் கொலராடோவின் பெரும்பாலான காடுகளில் ஒரு விதி உண்டு. ஆண் மானைச் சுடுவதானால் ஒரு கொம்பில் நாலு முனையாவது இருக்க வேண்டும். அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குல நீளம் இருக்க வேண்டும். குச்சிக் கொம்பு இளங்காளை தப்பிப் பிழைத்து, வளர்ந்து, மந்தையை ஆள வேண்டும் என்பது நோக்கம்.

கன்றைச் சுடுவார்களா?

கேட்கவே மனம் கூசும் கேள்வி இது. ஆனால் ஸ்வீடன் நாட்டில் நடப்பது இதுதான். அங்கே வேட்டை மூஸ் வேட்டை. ஆண்டுதோறும் சுடப்படும் மூஸ்களில் பாதிக்குப் பக்கம் கன்றுகள்!

அவர்கள் சொல்லும் காரணம் இது. கன்றுகளில் ஒரு பங்கு எப்படியும் குளிர்காலத்தில் சாகும். நல்ல தாய் பிழைத்திருந்தால் ஆண்டுதோறும் ஈனும். ஆகவே தாயைக் காப்பாற்று, கன்றை எடு. தாயைச் சுட்டுக் கன்றை அநாதையாக்குவது அங்கே பெரிய இழுக்கு. தாயும் கன்றும் சேர்ந்து நின்றால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு இது ருசிப்பதில்லை. கன்றைச் சுடச் சட்டத்தில் தடை இல்லை. கொம்பில்லாச் சீட்டில் கன்றும் அடங்கும். ஆனாலும் பலரும் தொடுவதில்லை. கணக்கு ஒன்று சொல்கிறது. மனம் வேறொன்று சொல்கிறது.

சுட்ட பிறகுதான் வேலை

"மான் விழுந்ததும் விளையாட்டு முடிந்தது, வேலை தொடங்கியது" என்பது வேட்டைக்காரர்களின் பேச்சு.

எல்க் வாழும் காடு கடல் மட்டத்துக்கு மேல் 2,500, 3,000 மீட்டர் உயரம். மூச்சு வாங்கும் இடம். அங்கே 300 கிலோ மான் விழுந்தால் யார் தூக்குவது? அங்கேயே தோலை உரித்து, நாலாக வெட்டி, முதுகில் சுமந்து இறக்க வேண்டும். ஒரு பின்னங்கால் மட்டுமே 25, 30 கிலோ இருக்கும். மூன்று நாலு நடை நடக்க வேண்டும். தாமதித்தால், தடித்த தோலுக்குள் சூடு தங்கிக் கறி கெட்டுப் போகும்.

கறியைக் காட்டில் வீணாக விட்டு வருவது குற்றம். விற்பதும் குற்றம். தின்ன வேண்டும், அல்லது தானமாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு பெட்டை மானில் எலும்பு நீங்கலாக 70 கிலோ அளவில் கறி கிடைக்கும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குப் பல மாதம் வரும். முதல் தடவை போகிறவர், தன் முதுகு தாங்கும் மானைத்தான் தேட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தவறிச் சுட்டால்?

புதியவருக்குக் கண் பழகி இராது. மரத்துக்குப் பின்னால் கொம்பு அசைகிறது. நாலு முனையா, மூன்றா? நெற்றிக் கிளை ஐந்து அங்குலமா, நாலா? எண்ணுவதற்குள் மான் ஓடிவிடும். எண்ணாமல் சுட்டால் சட்டத்தை மீறிய மானாக முடியும். அபராதம் வரும்.

அதைவிடப் பெரிய தவறும் நடக்கிறது. 1978-ல் கொலராடோ காட்டில் மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை நன்றாகப் பெருகின. இப்போது எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிடும் வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் அகப்படுகிறார்கள்!

பெட்டையிடம் கொம்பை எண்ணும் தொல்லை இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. பெட்டைகள் கூட்டமாக நிற்கும். ஒன்றைத் துளைத்த குண்டு பின்னால் நிற்பதையும் சாய்க்கும். வெடிச் சத்தம் கேட்டுக் கூட்டம் கலைந்து சுழலும்போது, எதைச் சுட்டோம் என்று தெரியாமல் இன்னொன்றைச் சுடுவதும் உண்டு. தனியாக, பக்கவாட்டில், பின்னால் எதுவும் இல்லாமல் நிற்கும் மானைத்தான் சுட வேண்டும் என்பது முதல் பாடம்.

ஓநாய் வந்தது

இப்போது காட்டில் இன்னொரு வேட்டைக்காரர் வந்திருக்கிறார். அவருக்குச் சீட்டும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம்.

2020 நவம்பரில் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்பது கேள்வி. நூற்றுக்கு 51 பேர் அளவில் சரி என்றார்கள். அவ்வளவு நெருக்கமான ஓட்டு! 2023 டிசம்பரில் முதல் தொகுதியாகப் பத்து ஓநாய்களை விட்டார்கள். 2025 ஜனவரியில் இன்னும் 15 வந்தன.

ஓநாய் வந்தால் எல்க் என்ன ஆகும்? எல்லோரும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைக் காட்டுகிறார்கள். அங்கே கதை விசித்திரமானது. ஓநாய் ஒழிந்ததும் எல்க் பெருத்தது. பூங்காவைத் தின்று மொட்டையாக்கியது. 1961-62 குளிர்காலத்தில் பூங்கா ஊழியர்களே 4,000-க்கு மேற்பட்ட எல்க்குகளைச் சுட்டார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னர் அந்தச் சுடுதல் நின்றது.

1995-ல் ஓநாயைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு வடக்கு மந்தையில் சுமார் 19,000 எல்க். 2013-ல் எண்ணியபோது சுமார் 4,000. ஓநாய்தான் தின்றது என்று ஒரு கட்சி கூவியது. உண்மை அவ்வளவு எளிது அல்ல. கரடியும் பெருகியிருந்தது. பூமாவும் பெருகியிருந்தது. மழை குறைந்தது. பூங்காவின் வட எல்லைக்கு வெளியே குளிர்காலத்தில் பெட்டை மான்களைச் சுட ஏராளமாகச் சீட்டு கொடுத்ததும் ஒரு காரணம்.

ஓநாய்க்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓநாய் பெரும்பாலும் கன்றையும் கிழத்தையும் நோஞ்சானையும் எடுக்கிறது. மனிதன் நல்ல வயதில் உள்ள தாயைச் சுடுகிறான். மந்தையின் முதல், அந்தத் தாய்கள்தான். இரண்டும் ஒரே காட்டில் நடக்கும்போது, பெட்டைச் சீட்டின் எண்ணிக்கையில் கை தாராளம் காட்ட முடியாது.

நோயும் ஒரு நீதிபதி

1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு நோய் கண்டது. மான் மெலிந்து, தள்ளாடி, எச்சில் வடித்துச் சாகும். 1981-ல் காட்டு எல்க்கிடமும் அது தெரிந்தது. மருந்து கிடையாது. இந்த நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை சான்று இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்று அமெரிக்கச் சுகாதார இலாகா சொல்கிறது.

ஆகவே ஆணோ பெட்டையோ, சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். சில பகுதிகளில் அது கட்டாயம்.

வேட்டையே வேண்டுமா?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே காடு குறைவு. மக்கள் அதிகம். அங்கே நிலைமை வேறு. ஆனால் அங்கேயும் வேட்டை கூடாது என்பவர்கள் உண்டு.

அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் வேட்டையாடுகிறார்கள். மற்றவர்கள் ஓட்டுப் போடுகிறவர்கள். 2024 நவம்பரில் கொலராடோவில் பூமா வேட்டையைத் தடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. தடை தோற்றது. ஆனால் இந்தக் கேள்வி மறுபடியும் வரும். நகரம் பெருகுகிறது. நகரத்தார் மானைப் படத்தில் பார்க்கிறவர்கள்.

சுவரில் கொம்பு மாட்டக் கொல்கிறவரை அவர்கள் மன்னிப்பது கடினம். குடும்பத்துக்குக் கறி கொண்டுவருகிறவரை, இலாகாவின் கணக்குக்கு உட்பட்டுச் சுடுகிறவரை, எதிர்ப்பவர்கள் குறைவு. வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பெரும் பணம் சீட்டு விற்பதில்தான் வருகிறது. ஆகவே முதல் வேட்டைக்காரர் எதைச் சுடுகிறார் என்பது, வேட்டை என்ற ஏற்பாடே நீடிக்குமா என்பதையும் தொடுகிறது.

எது சரி?

மந்தை பெருத்து, இலாகாவே பெட்டைச் சீட்டு கொடுக்கும் காட்டில், புதியவருக்கு ஏற்றது பெட்டை மான்தான். கொம்பை எண்ணித் தவறு செய்ய இடம் இல்லை. சுமக்கும் பாரம் குறைவு. கறி நல்லது. விவசாயிக்கும் உதவி.

மந்தை மெலிந்த காட்டில் பெட்டையைத் தொடக் கூடாது. அங்கே நாலு முனைக் கொம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் சுடலாம். தெரியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். ஐந்தில் நாலு பேர் வெறுங்கையோடு திரும்பும் வேட்டையில் அது அவமானம் அல்ல.

கொலராடோ இலாகா ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்தப் பகுதியில் எத்தனை எல்க், நூறு பெட்டைக்கு எத்தனை ஆண் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஏப்ரலில் மனுப் போடுமுன் அந்தப் பட்டியலைப் படிக்க அரை மணி நேரம் போதும்.